"படித்தேன், ஆனால் புரியவில்லை": தகவல் உரைகளில் தடுமாறும் மாணவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

அறிவியல், வரலாறு, புவியியல் பாடநூல்களில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு மாணவர் "புரியவில்லை" என்று சொன்னால், நம்மில் பெரும்பாலானோர் உடனே செய்வது அப்பகுதியில் உள்ள செய்தியை எளிய சொற்களில் நாமே விளக்கிவிடுவதுதான். மாணவர் தலையாட்டுவார், அன்றைய பாடமும் முடிந்துவிடும். ஆனால் விளக்கப்பட்டது பாடப்பொருள். பழுது இருந்ததோ வாசிப்பில். அடுத்த பாடத்திலும் அவர் அதே இடத்தில் நிற்பார், ஆண்டு முழுவதும் அவருக்காக ஆசிரியரே படித்துக்கொண்டிருக்க நேரிடும்.

"புரியவில்லை" என்ற ஒரே சொல் வெவ்வேறு பழுதுகளிலிருந்து வரக்கூடும் என்பதால், முதலில் அறிகுறியைப் பார்த்துப் பழுது எங்கே என்று கண்டறிந்துவிட்டுத்தான் திருத்தத்தில் இறங்க வேண்டும். கீழே அறிகுறிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் எடுத்துக்காட்டாக இந்தச் சிறு பத்தியையே பயன்படுத்துகிறேன்:

"குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி கூடும் நீர், 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே செல்லும்போது அதற்கு மாறாக விரிவடையத் தொடங்குவதால், உறைநிலையை நெருங்கும் நீர் ஏரியின் மேற்பரப்பிலேயே தங்கி முதலில் பனிக்கட்டியாகிறது. நீரைவிட அடர்த்தி குறைந்த இப்பனிக்கட்டி, அடியில் உள்ள நீரின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது. ஆகவே கடுங்குளிரிலும் ஆழமான நன்னீர் ஏரிகளின் அடியில் மீன்கள் உயிர்வாழ முடிகிறது."

முதல் சோதனை: யார் படித்தால் புரிகிறது?

எந்த அறிகுறியாக இருந்தாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது. மாணவரை ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதே அளவு கடினமான வேறொரு பத்தியை நீங்கள் நிதானமாகப் படித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். காதால் கேட்டபோது நன்றாகச் சொல்லி, தானே படித்தபோது சொல்ல முடியாமல் போனால், பழுது எழுத்தைச் சொல்லாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. கேட்டபோதும் சொல்ல முடியவில்லை என்றால், மொழியிலோ பின்னணி அறிவிலோ தேட வேண்டும். 1986-ல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தறிந்து படித்தலும் மொழியைப் புரிந்துகொள்ளுதலும் சேர்ந்த பெருக்கல் போன்றது என்று விளக்கினார்கள். பெருக்கலில் ஓர் எண் சுழியாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழிதான்.

அறிகுறி: எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது

இவருக்குப் புரிதல் உத்திகள் எதையும் இப்போது கற்றுத்தர வேண்டாம். கவனம் முழுவதும் எழுத்துகளிலேயே செலவாகிவிடுவதால் பொருளுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. சிறு பத்தி ஒன்றை நீங்கள் ஒருமுறை படித்துக் காட்டி, சேர்ந்து ஒருமுறை படித்து, பிறகு அவரைத் தனியே மூன்று நான்கு முறை படிக்கச் செய்து சரளத்தை வளர்ப்பதே இங்கு வேலை. அது வளரும் வரை, பாடப்பொருளில் அவர் பின்தங்கிவிடாதபடி பகுதிகளைப் படித்துக் காட்டலாம். பார்வையையும் செவித்திறனையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்வது தேவை. பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால், கற்றல் குறைபாடுகளில் தேர்ந்தவரிடம் அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அறிகுறி: தங்குதடையின்றிப் படிக்கிறார், ஆனால் புத்தகத்தை மூடினால் ஒன்றும் சொல்ல வரவில்லை

நல்ல குரலும் சரியான உச்சரிப்பும் இருப்பதால் இவர் எளிதில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவார். வாசிப்பது என்றால் பிழையில்லாமல் ஒலிப்பது என்றே இவர் நினைத்திருக்கக்கூடும், அப்படி நினைக்கப் பழக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. தமக்குப் புரியவில்லை என்பதே இவருக்குத் தெரியாது என்பதுதான் உண்மையான சிக்கல். 1979-ல் வெளிவந்த எல்லன் மார்க்மனின் ஆய்வில், ஒன்றுக்கொன்று முரண்படும் வாக்கியங்கள் கொண்ட சிறு கட்டுரைகளைக் கேட்ட தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பலர், அவற்றில் தவறு இருப்பதையே கவனிக்கவில்லை.

இதையே சோதனையாகப் பயன்படுத்தலாம். நம் எடுத்துக்காட்டுப் பத்தியின் இறுதியில், "பனிக்கட்டி உருவானதும் ஏரியின் அடிக்குச் சென்று படிகிறது" என்ற வாக்கியத்தை வேண்டுமென்றே சேர்த்துக் கொடுங்கள். மேற்பரப்பில் உருவாகும், நீரைவிட அடர்த்தி குறைந்த பொருள் எப்படி அடிக்குச் செல்லும் என்று ஐயம் எழாமல் மாணவர் படித்து முடித்தால், பழுது இங்கேதான் இருக்கிறது.

திருத்தம்: ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் நிறுத்தி, புத்தகத்தைப் பாராமல் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அதே பத்திக்குத் திரும்ப வேண்டும். அடுத்ததற்குப் போகக் கூடாது. இதற்கு மேல் போக விரும்பினால், 1984-ல் பாலின்சாரும் பிரவுனும் வெளியிட்ட முறை பொருத்தமானது; அவர்கள் தேர்ந்தெடுத்ததே சரளமாகப் படித்தும் பொருள் பிடிபடாத மாணவர்களைத்தான். சிறு குழுவில் ஒரு பகுதியைப் படித்ததும், சுருக்கிச் சொல்லுதல், ஒரு கேள்வி எழுப்புதல், தெளிவில்லாததைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிக் கணித்தல் ஆகிய நான்கையும் முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொரு மாணவராக ஆசிரியர் இடத்தில் அமர்ந்து நடத்துவார்கள். ஆசிரியர் படிப்படியாகப் பின்வாங்குவதுதான் இதன் உயிர். நான்கு பெயர்களையும் சுவரில் ஒட்டிவிட்டு ஆசிரியரே கடைசி வரை நடத்திக்கொண்டிருந்தால் அது வேறு ஏதோ ஒரு முறையாகிவிடும்.

அறிகுறி: எல்லாக் கேள்விகளுக்கும் சரியான விடை எழுதுகிறார், ஆனால் புரியவில்லை

விடைத்தாளில் மதிப்பெண் இருப்பதால் இதை யாரும் பழுது என்றே எண்ணுவதில்லை. ஆனால் நான் அதிகம் அஞ்சுவது இந்த அறிகுறிக்குத்தான். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "தலும்பு மெசலை நொவ்வியது." தலும்பு எதை நொவ்வியது என்று கேட்டால், தமிழ் தெரிந்த எந்தக் குழந்தையும் "மெசலை" என்று சொல்லிவிடும். இவற்றுள் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது. இரண்டாம் வேற்றுமை உருபும் "எதை" என்ற வினாச்சொல்லும் விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. "பனிக்கட்டி எது வெளியேறுவதைக் குறைக்கிறது?" என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்ததே, வினாவில் உள்ள சொற்களைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும்.

எனவே இங்கே முதலில் திருத்த வேண்டியது மாணவரை அன்று, கேள்வித்தாளை. விடை ஒரே வரியில் கிடைக்கும் கேள்வி, பல வரிகளை இணைத்தால் கிடைக்கும் கேள்வி, உரையில் உள்ளதோடு தன் அறிவையும் சேர்த்தால் கிடைக்கும் கேள்வி என்று மூவகைக் கேள்விகளும் தாளில் கலந்திருக்க வேண்டும். "மீன்கள் உயிர்வாழ்வதற்கும் 4 டிகிரிக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டால் மூன்று வாக்கியங்களையும் இணைத்தாக வேண்டும். "பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி மிகுந்ததாக இருந்திருந்தால் ஏரிக்கு என்ன நேரும்?" என்ற கேள்விக்கு விடையாக எந்த வரியையும் பெயர்த்து எழுத முடியாது, பனிக்கட்டி மூழ்கும், மேலே காப்புப் படலம் இராது, ஏரி அடியிலிருந்து உறையும் என்று காரணச் சங்கிலியை மாணவர் தம் மனத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி வகைகளை மறைக்காமல் மாணவர்களிடமே சொல்லிவிடுவது பயன் தரும். விடை எழுதுவதற்கு முன், "இது ஒரே இடத்தில் கிடைக்குமா, பல இடங்களில் தேட வேண்டுமா, நானும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?" என்று அவர்களே முடிவுசெய்யப் பழகிவிட்டால், வரியைப் பெயர்த்தெழுதும் பழக்கம் மெல்லக் குறையும். தொடக்கத்தில் மதிப்பெண்கள் சரியும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: சொற்கள் தனித்தனியே தெரிகின்றன, நீண்ட வாக்கியம் பிடிபடவில்லை

தமிழில் முற்றுவினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. அதுவரை வரும் பெயரெச்சங்களையும் வினையெச்சங்களையும் "ஆல்", "போது", "உம்" என்று முடியும் தொடர்களையும் மனத்தில் சுமந்துகொண்டே வர வேண்டும். வீட்டில் பேசும் தமிழில் இவ்வளவு நீளமான சுமை அரிதாகவே வரும். "எனினும்", "அதற்கு மாறாக", "-ப்படுகிறது" போன்றவை மாணவரின் பேச்சில் அநேகமாக வருவதே இல்லை. ஆகவே பாடநூல் தமிழ் அவருக்குப் பாதி புது மொழி என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிரிப்பதே நான் கண்ட நல்ல வழி. நம் பத்தியின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது? பனிக்கட்டியாகிறது. எது? நீர். எந்த நீர்? உறைநிலையை நெருங்கும் நீர். எங்கே இருந்து? மேற்பரப்பிலேயே தங்கி. ஏன்? விரிவடையத் தொடங்குவதால். எப்போது விரிவடைகிறது? 4 டிகிரிக்குக் கீழே செல்லும்போது. இறுதியாக, "அதற்கு மாறாக" என்பதில் "அது" எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு "4 டிகிரி" என்று சொல்லும் மாணவர்கள் இருப்பார்கள். "சுருங்குவதற்கு மாறாக" என்று சொல்பவருக்குத்தான் வாக்கியம் திறந்திருக்கிறது. "அது", "இவை", "இந்நிகழ்வு", "மேற்கூறிய" போன்ற சுட்டுச் சொற்களிலிருந்து அவை குறிக்கும் சொல்லுக்கு அம்புக்குறி வரையச் செய்வது, சிறிதாகத் தோன்றினாலும் மிகுந்த பலன் தரும் பயிற்சி.

பிரித்து முடித்ததும், அதே செய்தியைத் தம் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் பேச்சு வழக்கையே அனுமதிக்கக் கூடாது என்று கருதும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இந்த ஓர் இடத்திலாவது அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. புரிதல் முதலில் மாணவரின் வாய்மொழியில்தான் உருவாகும். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது அடுத்த படி. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால், அவர் பாதுகாப்பாகப் பாடநூல் வரியையே ஒப்பித்துவிடுவார்.

அறிகுறி: சொற்களிலேயே நின்றுவிடுகிறார்

கலைச்சொற்களைப் பற்றி நாம் தேவைக்கு மேல் கவலைப்படுகிறோம் என்று நினைக்கிறேன். "ஒளிச்சேர்க்கை", "நீராவிப்போக்கு" போன்ற சொற்களைப் பாடநூலே விளக்கிவிடும். பிரித்துப் பார்த்தாலும் பாதிப் பொருள் தெரிந்துவிடும். உண்மையில் தடுக்கி விழச் செய்பவை யாரும் விளக்காத பொதுச் சொற்கள்: "காரணி", "விளைவு", "கணிசமான", "ஒப்பீட்டளவில்", "முறையே", "சார்ந்திருக்கிறது". இவை எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வருவதால், இவற்றில் வாரம் ஐந்து சொற்களை எடுத்துப் பேச்சிலும் எழுத்திலும் பயன்படுத்தச் செய்வது, நீண்ட அருஞ்சொற்பொருள் பட்டியலைவிட மேலானது. இன்னொரு கண்ணி, அன்றாடச் சொல் பாடத்தில் வேறு பொருளில் வருவது. கனமான பெட்டியை அசையாமல் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்திருப்பவர், இயற்பியலின்படி பெட்டியின்மீது எந்த "வேலை"யும் செய்யவில்லை. மாணவர் இதை நம்ப மறுப்பது இயல்பே.

அறிகுறி: எந்த உரையையும் கதை போலவே திருப்பிச் சொல்கிறார்

"முதலில் நீர் குளிர்ந்தது, பிறகு பனிக்கட்டி ஆனது, பிறகு மீன்கள் வாழ்ந்தன." இவர் பொய்யாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் "ஆகவே" வர வேண்டிய இடங்களில் எல்லாம் "பிறகு" வந்துவிட்டது. காரணம் காணாமல் போய்விட்டது. சிறுவயதில் கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்தவருக்குத் தெரிந்த வடிவம் அது ஒன்றுதான். தகவல் உரைகள் பெரும்பாலும் விவரித்தல், வரிசைமுறை, காரணமும் விளைவும், ஒப்பீடு, சிக்கலும் தீர்வும் என்ற ஐந்து வடிவங்களில் ஒன்றில் அல்லது அவற்றின் கலவையில் அமைகின்றன. இந்த அமைப்புகளை 1970-களிலிருந்தே விரிவாக ஆராய்ந்தவர் போனி மேயர்.

பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வதால் பயனில்லை, வரையச் சொல்லுங்கள். காரண விளைவு உரைக்கு அம்புச் சங்கிலி, ஒப்பீட்டுக்கு இரண்டு நிரல்கள் கொண்ட அட்டவணை, வரிசைமுறைக்குப் படிக்கட்டு. நம் பத்தியை அட்டவணையாக வரைய முயலும் மாணவர் இரண்டு நிமிடத்தில் தாமே திணறி, அம்புகளுக்கு மாறிவிடுவார். அந்தத் திணறல்தான் பாடம் என்பதால், சரியான வடிவத்தை முன்பே அச்சிட்டுக் கொடுத்துவிட வேண்டாம்.

அறிகுறி: உரையில் இருப்பதை விட்டுவிட்டு, தமக்கு முன்பே தெரிந்ததை எழுதுகிறார்

பின்னணி அறிவு வாசிப்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1988-ல் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் 64 மாணவர்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியைக் கொடுத்தபோது, அந்த விளையாட்டை நன்கு அறிந்த, ஆனால் வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், விளையாட்டை அறியாத சிறந்த வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனவே தினமும் புதுப்புதுத் தலைப்பில் ஒரு துணுக்கு என்று கொடுப்பதைவிட, ஒரே தலைப்பில் இரண்டு வாரம் நான்கைந்து உரைகளைப் படிக்கச் செய்வது நல்லது. முதல் உரையில் பெற்ற அறிவு மூன்றாம் உரையைத் திறந்துவிடும்.

ஆனால் தவறான முன்னறிவு, ஒன்றும் அறியாமையைவிடக் கெடுதல் செய்யும். பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது கோடைக்காலம் உண்டாகிறது என்று நம்பும் மாணவர், பூமியின் அச்சுச் சாய்வே பருவங்களுக்குக் காரணம் என்று விளக்கும் பகுதியை முழுவதும் படித்துவிட்டு, "அருகில் வருவதால்" என்றே விடை எழுதுவார். அவர் கவனக்குறைவாகப் படிக்கவில்லை. தாம் நம்புவதைப் பத்தி உறுதிப்படுத்துவதாகவே படித்திருக்கிறார்.

இங்கே, படிப்பதற்கு முன்பே அவருடைய கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு அந்தக் கருத்தோடு நேரடியாக மோதும் ஓர் உண்மையைத் தேடச் செய்யுங்கள்: பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். மிகத் தொலைவில், ஏறத்தாழ 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். "நான் நினைத்தது", "உரை சொல்வது", "உரையில் அதற்கான வரி" என்று மூன்று நிரல்களில் எழுதச் செய்தால், மோதல் காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஒரு தடவையில் பழைய நம்பிக்கை போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் அது திரும்பியிருப்பதைக் காணலாம்.

அறிகுறி: எல்லா வரிகளையும் அடிக்கோடிடுகிறார், சுருக்கம் மூலத்தின் அளவுக்கே இருக்கிறது

சில சொற்களை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே எழுதுவதுதான் இளம் மாணவர்களின் இயல்பான சுருக்கும் முறை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பதைத் தடைசெய்யுங்கள். முதல் வாசிப்பில் கோடு கூடாது. பத்தி முடிந்ததும் அதன் ஓரத்தில் ஐந்து சொற்களுக்கு மிகாமல் ஒரு தலைப்பு. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தலைப்புகளை மட்டும் பார்த்துச் சுருக்கம். நம் பத்திக்கு "ஏரி மேலிருந்து உறைவது ஏன்" என்று எழுதுபவருக்குப் புரிந்திருக்கிறது. "பனிக்கட்டி" என்று எழுதுபவர் பொருளைச் சொல்லியிருக்கிறார், கருத்தை அன்று.

அறிகுறி: படம், அட்டவணை, வரைபடம் ஆகியவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்

ஒரு வாரத்துக்கு உரையை மறைத்துவிட்டுப் படத்தையும் அதன் கீழுள்ள குறிப்பையும் மட்டும் முதலில் கொடுங்கள். அச்சுகளில் என்ன அளக்கப்படுகிறது, எந்த அலகில், எங்கே திருப்பம் வருகிறது என்ற மூன்று கேள்விகள் போதும். பிறகு உரையைத் திறந்து, அந்தத் திருப்பத்தைப் பற்றிப் பேசும் வரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: அன்று புரிந்தது, மறுவாரம் எதுவும் நினைவில் இல்லை

இது வாசிப்புப் பழுது அன்று, படித்ததை நினைவிலிருந்து மீட்டெடுக்காத பழுது. மீண்டும் படிக்கச் சொல்வது உடனடியாகப் பலன் தருவது போலத் தோன்றும். ஆனால் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006 ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பாராமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முந்தைய உரையிலிருந்து இரண்டு கேள்விகளைப் புத்தகம் இல்லாமல் கேட்டுவிடுங்கள். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.

பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால்

சரளமின்மை இருந்தால் அதுவே முதலில். அடுத்து வாக்கியமும் சொல்லும். அதன் பிறகே உரையின் வடிவமும் சுருக்கமும். தவறான முன்னறிவை மட்டும் வரிசையில் காத்திருக்க வைக்காமல், தென்படும் இடத்திலேயே கையாளலாம். ஒரே மாணவரிடம் ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேற்பட்ட திருத்தங்களைத் தொடங்கினால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

திருத்தம் பலித்ததா என்று பார்க்க, பயிற்சியில் பயன்படுத்திய தலைப்பைத் தவிர்த்து, வேறு பாடத்திலிருந்து அதே அளவு கடினமான ஒரு பக்கத்தை எந்த உதவியும் இல்லாமல் கொடுங்கள். விடைகளைவிட, படிக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள்: பத்தி முடிவில் தாமே நிற்கிறாரா, முந்தைய வரிக்குத் திரும்புகிறாரா, "இதில் 'அவை' என்பது எது?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். முன்பு பத்து நிமிடத்தில் முடித்த பக்கத்துக்கு இப்போது இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால், அதைப் பின்னடைவாகக் குறிக்க வேண்டாம்.